அடிமனையில் எழுந்த வீடுகள்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபொழுது, மலையைப் பற்றியோ மணிவாசகரைப் பற்றியோ எழுதுவேன் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அடி அண்ணாமலையில் குடியிருப்பவன் வேறு எதனை எழுதுவான்? திருவெம்பாவை இவ்விடத்தே பாடப்பெற்றது என்பது மரபு. பாடியவருக்குக் கிரிவலப் பாதையை ஒட்டித் தனிக்கோயிலும் இருக்கிறது. அவற்றை எழுத என்னினும் வல்லார் நம்மிடையே பலர் உளர். ஆதலின் 'அடி' என்னும் சொல்லின் இன்னொரு பொருளை எடுத்துக்கொண்டேன்.

சீர் பல சேர்ந்து நடப்பது அடி. மலையின் கீழ்ப்பகுதி அடி. கோயில் ஊர்களில் வாழ்வார் நாவில் இவ்விரண்டிற்கும் அப்பால் ஓர் அடி உண்டு, அஃது அடிமனை. வீடு ஒருவருடையது, அது நிற்கும் தரை வேறொருவருடையது என்றால், தரைக்காக மாதந்தோறும் செலுத்தும் பணம் அடிமனை வாடகை. தரை கோயிலுடையதாக இருக்கலாம்; மடத்துடையதாக, அறக்கட்டளையுடையதாக, தனியாருடையதாக இருக்கலாம். மண்ணும் மரமும் ஓடும் உழைப்பும் குடியிருப்பவருடையவை. நிலத்தோடு ஒட்டியதெல்லாம் நிலத்தவனுக்கே என்பது ஆங்கிலேயர் நாட்டு வழக்கு. நம் ஊர்களில் அவ்வாறன்று. தரைக்கு ஓர் உடையவரும் கூரைக்கு ஓர் உடையவருமாக இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை பிணக்கின்றி ஓடிய தெருக்கள் எத்தனையோ உள.

பிணக்கு எப்போது வருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். பிணக்கு வந்தபொழுது எளியோர் எவ்வாறு கூடினர் என்பதும் அதனுள் அடங்கும்.

நான் கல்லூரியில் படித்த நாளில் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். எல்லோருக்கும் அவர் ஆயா. ஒரு நாள் காலையில் நீண்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து, "தம்பீ, வக்கீல் நோட்டீசுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க. என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு" என்றார். பதினைந்து நாளில் மனையைக் காலிசெய்து ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மனை உடையவர் பெயர் இங்கு வேண்டா. "வாடகை கட்டிய ரசீது இருக்கிறதா, ஆயா?" என்று கேட்டேன். உள்ளே சென்று துருப்பிடித்த தகரப்பெட்டி ஒன்றை எடுத்துவந்து திண்ணையில் கவிழ்த்தார். கணவர் காலத்து ரசீதுகள். சில கரையான் அரித்தவை. சிலவற்றில் மாமனார் பெயர். சிலவற்றில் யார் பெயரும் இல்லை, தொகை மட்டுமே. மாலைக்குள் அதே தாளோடு இன்னும் நான்கு வீட்டார் அத்திண்ணைக்கு வந்துவிட்டனர். நான் படித்தேன், அவர்கள் கேட்டனர். பிறகு யார் யாரிடம் எந்த ஆண்டு முதல் ரசீது இருக்கிறது என்று ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதினோம். பெயரோ தலைவரோ இல்லாத அந்தக் கூட்டத்தை அன்று யாரும் சங்கம் என்று அழைக்கவில்லை. ரசீது வைத்திருந்த மூவர் உயர்த்திய வாடகைக்கு உடன்பட்டுத் தங்கினர். மற்ற இருவர் அந்த ஆடியிலேயே கூரையைப் பிரித்துக்கொண்டு போயினர். கூரையைப் பிரிப்பதற்கு அரை நாள்கூட ஆகவில்லை.

பின்னர் சட்ட நூல்களைப் புரட்டியபொழுது, எங்கள் திண்ணையில் நடந்தது 1921இலேயே சென்னைச் சட்டமன்றத்தில் பேசப்பட்ட பொருள் என்பதறிந்து வியந்தேன். அவ்வாண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் (1922ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம்) நீதிக்கட்சி ஆட்சியின் தொடக்க காலத்தில் வந்தது. முதல் உலகப்போருக்குப் பின் நகரத்து நிலத்தின் விலை ஏறவே, தரையுடையவர்கள் பழைய குடிகளை வெளியேற்ற முற்பட்டனர். மாதவாடகைக் குடியை வெளியேற்ற 1882ஆம் ஆண்டின் சொத்துமாற்றுச் சட்டம் கேட்பது பதினைந்து நாள் அறிவிப்பு மட்டுமே. குடிகளோ எழுத்துமூலமான ஒப்பந்தம் ஏதுமின்றி வீடு கட்டியவர்கள். வெளியேற்றினால் அவர்கள் செய்யக்கூடியது, கட்டிய வீட்டை இடித்து மரத்தையும் ஓட்டையும் எடுத்துச் செல்வதொன்றே. இவ்வாறு பெருந்தொகையாக வீடுகள் இடிபட்டால் நெரிசல் மிக்க பகுதிகள் மேலும் நெரிந்து பொதுச் சுகாதாரம் கெடும் என்று மசோதாவின் நோக்கவுரை கவலை தெரிவித்தது.

அச்சட்டத்தின் முகவுரையில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. நியாயமான தரைவாடகை செலுத்தும்வரை தம்மை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பிறர் நிலத்தில் வீடு கட்டியவர்களைப் பாதுகாத்தல் வேண்டும் என்பது அம்முகவுரையின் கருத்து. நம்பிக்கை! ஒப்பந்தம் இல்லை, பத்திரம் இல்லை, சாட்சியும் இல்லை. ஓர் ஏழை தன் மனத்தில் வைத்திருந்த நம்பிக்கையைச் சட்டம் தனக்கு அடிப்படையாக ஏற்றது. கவிஞர்களாகிய நீங்கள் இதனை எளிதில் கடந்து போகமாட்டீர்கள் என்று எண்ணுகிறேன்.

நம்பிக்கைக்குச் சட்டம் கொடுத்த உருவம் இரண்டு. தரையுடையவர் குடியை வெளியேற்ற விரும்பினால், வீட்டிற்கும் குடி நட்ட மரங்களுக்கும் உரிய மதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற்ற முடியும். இஃது ஒன்று. 9ஆம் பிரிவு தந்தது மற்றொன்று: வெளியேற்ற வழக்குத் தொடுக்கப்பட்டால், அத்தரையைத் தனக்கே விற்குமாறு உத்தரவிடும்படி குடி நீதிமன்றத்தைக் கேட்கலாம், விலையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். பிற்காலத் திருத்தங்கள், வீட்டை வசதியாகப் பயன்படுத்தத் தேவையான குறைந்த அளவு நிலத்திற்கு மட்டும் இவ்வுரிமை என்று சுருக்கின. எனினும் தரையுடையவர் வெளியேறு என்று சொன்ன மாத்திரத்திலேயே, தரையை வாங்கும் உரிமை குடிக்குப் பிறக்கிறது. இத்துணைத் துணிவான ஏற்பாடு நம் சட்டங்களுள் வேறு எத்தனை உண்டோ!

இச்சட்டத்திற்கு ஒரு வரம்பு நாள் இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் ஏற்பட்ட குடியிருப்புகளே முதலில் காப்புப் பெற்றன. அதற்குப்பின் வந்தவர்களின் நம்பிக்கை கணக்கில் வரவில்லை. பின்வந்த திருத்தங்கள் அந்நாளை முன்னே நகர்த்தின. 1955ஆம் ஆண்டுத் திருத்தம் சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களுக்கும் சட்டத்தை விரிக்க இடந்தந்தது. அவ்வாறு விரிந்தபின் உச்சநீதிமன்றம்வரை சென்று 1964இல் இச்சட்டத்தின் செல்லுபடியை நிலைநாட்டிய குடி யார் என்று நினைக்கிறீர்கள்? கோயமுத்தூரின் கர்நாடிக் டாக்கீசு! குடிசைவாசியின் நம்பிக்கைக்காக வந்த சட்டத்தின் நிழலில் படக்கொட்டகையும் ஒதுங்கிற்று. நிழல் மரம் வந்தவர் யார் என்று பார்ப்பதில்லை அல்லவா?

இந்த வேடிக்கைக்குப் பின்னாளில் விலை கொடுக்க நேர்ந்தது. கோயில் நிலங்களிலும் இதே நிலைதான். நகரின் நடுவே பெரும்பரப்பைச் சில ரூபாய் வாடகைக்கு வைத்துக்கொண்டு, அதனைப் பன்மடங்கு வாடகைக்கு உள்குத்தகை விட்டுப் பொருளீட்டிய பெருங்குடிகள் பல ஊர்களில் இருந்தனர். கோயிலிலே விளக்கெரிக்க எண்ணெய் இல்லை. கோயில் மனையிலே மாடி எழும்புகிறது. இதனைக் கண்டு பொறுக்காத அன்பர்களின் சினம் நேரிய சினமே. அதனை மறுக்க இக்கட்டுரை முயலவில்லை. ஆனால் அச்சினத்திற்கு அரசு செய்த பரிகாரம் பெருங்குடியையும் சிறுகுடியையும் ஒரே கயிற்றில் கட்டிற்று.

முதலில் கட்டடங்கள். தமிழ்நாட்டில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஆணைகளில் தொடங்கி 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாக வளர்ந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டுமென்றே வாடகை தராமை, உள்வாடகை விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் முதலான காரணங்களைக் காட்டினாலன்றி ஒருவரை வெளியேற்ற முடியாது. நியாய வாடகை நிர்ணயிக்கவும் வழியிருந்தது. 1976 ஆகஸ்டில் அரசாணை ஒன்று, இந்து, கிறித்தவ, இசுலாமியப் பொது அறநிலையங்களுக்குச் சொந்தமான கட்டடங்கள் அனைத்திற்கும் இச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. அவ்விலக்கைப் பின்னர் உச்சநீதிமன்றமும் ஏற்றது.

அடுத்து அடிமனைகள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம், எல்லாச் சமயங்களின் நிறுவனங்களுக்கும் உரிய நிலங்களை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பிலிருந்து நீக்கிற்று. நிலுவையிலிருந்த வழக்குகளும் அற்றுப்போயின. இதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்று 2005இல் தோற்றவருள் முன்னின்றது மயிலாப்பூர் கிளப். அங்கும் பாருங்கள், வழக்கின் பெயரில் நிற்பது ஒரு மன்றம், ஓட்டுவீட்டுக்காரர் அல்லர். சட்டம் வந்தபொழுதும் போனபொழுதும் அவர் பெயரால் வாதிட்டவர் வேறு யாரோ.

இவ்விரு விலக்குகளையும் சேர்த்து நோக்கினால், வாடகைக்குடியின் காப்பு மிகவும் தேவைப்படும் ஊர்களிலேயே அது முதலில் அற்றது புலனாகும். கோயில் ஊரில் வீடும் தரையும் பெரும்பாலும் யாருடையவை? குத்தகைக் காலம் முடிந்தபின்னும் தங்கியிருப்பவர் இந்துசமய அறநிலையச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி ஆக்கிரமிப்பாளராகிவிடுவார். பாட்டன் கட்டிய வீட்டில் பிறந்தவர், ஒரு நாள் காலையில் எழும்போது ஆக்கிரமிப்பாளர்! வாடகையோ 34-அ பிரிவின்படி சந்தை மதிப்பை ஒட்டி மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பெறுவது. தெய்வத்தின் சொத்துக்கு உரிய வருவாய் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கேள்வி வேறு. மனையின் சந்தை மதிப்பை உயர்த்தியது எது? மலையை வலம்வரும் கூட்டம். அக்கூட்டத்திற்கு மாலை தொடுத்தும் இட்டிலி அவித்தும் பாதை பெருக்கியும் உழைத்தவர்கள் அந்த மனைகளில் இருந்தவர்கள். அவர்கள் உழைப்பால் உயர்ந்த விலையே அவர்களை அங்கிருந்து தள்ளுகிறது.

அடி அண்ணாமலையில் கோயில்மனை அல்லாத வீடுகளிலும் இதுவே கதி. நான் சிறுவனாக இருந்தபொழுது முழுநிலா இரவில் பாதையில் கேட்பது தவளை ஒலி. 1990களில் கூட்டம் பெருகிற்று. ஆண்டில் சில திங்கள் தங்கிப் போக வெளிநாட்டு அன்பர்கள் வரலாயினர். மாதத்திற்கு ஒரு குடிக்கூலி வாங்கிய வீட்டில் நாளுக்கு ஒரு கூலி வாங்கலாம் என்று வீட்டுக்காரர்கள் கண்டுகொண்டனர். யாரையும் அமீனா வந்து வெளியேற்றவில்லை. "பெண்ணுக்குக் கலியாணம், வீடு வேண்டியிருக்கு" என்று நயமாகச் சொன்னார்கள். போனவர்களும் நயமாகவே போனார்கள். சிலர் மலைச்சரிவு நோக்கிப் போனார்கள். அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

காப்பு இவ்வாறு குறுகும்போது எளியவர் கையில் எஞ்சுவது கூடுதல் ஒன்றே. கூடியவர்களின் வரலாறு உலகெங்கும் உண்டு. 1915இல் கிளாசுகோ நகரில் போர்க்காலத்தைப் பயன்படுத்தி வாடகையை உயர்த்தியபொழுது, மேரி பார்பர் முதலான பெண்கள் மாடிப்படி மாடிப்படியாகக் குழு அமைத்தனர். வெளியேற்ற அலுவலர் தெருவில் நுழைந்தால் ஒருத்தி மணியடிப்பாள். மற்றவர்கள் சமையலை விட்டு வாயிலை அடைத்து நிற்பார்கள். கைக்கு அகப்பட்ட மாவும் பறந்ததாம். நவம்பருக்குள் ஏறத்தாழ 20,000 வீட்டார் உயர்த்திய வாடகையைத் தர மறுத்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் பிரித்தானிய அரசு வாடகையைப் போருக்கு முந்திய அளவில் நிறுத்திச் சட்டம் செய்தது. போரையொட்டி நம் நாட்டிலும் 1918இல் பம்பாயிலும் 1920இல் கல்கத்தாவிலும் வாடகைச் சட்டங்கள் வந்தன.

ஆயினும் கிளாசுகோப் பெண்கள் வாடகை செலுத்திய குடிகள். அவர்கள் பெயர் ஏதோ ஒரு பேரேட்டில் இருந்தது. எந்தப் பேரேட்டிலும் பெயரில்லாதவர்கள் எவ்வாறு கூடுவது? இதற்கு விடை தேடி நான் பம்பாய்க்குப் போக வேண்டியிருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் பிழைப்புத் தேடி நம்மவர் போன ஊர் அது. விடை தந்தவரும் ஒரு தமிழரே.

அற்புதம் ஜாக்கின் கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1960களில் இளைஞராகப் பம்பாய் சேர்ந்து, தச்சு வேலை செய்து, திறந்த வெளியில் படுத்துறங்கி, மான்கூர்ட் பகுதியின் ஜனதா காலனியில் நிலைத்தார். அக்காலனி மாநகராட்சியே ஏழைகளை நகரின் உள்ளிருந்து கொண்டுவந்து குடியேற்றிய இடம். குடியேற்றியதோடு சரி, குப்பை அள்ள யாரும் வரவில்லை. ஜாக்கின் பிள்ளைகளைத் திரட்டினார். உல்லாசப் பயணம் போகிறோம் என்று கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கையில் கொடுத்து, மாநகராட்சி அலுவலகத்தின் வாயிலில் கொட்டச் செய்தார். அலுவலர்கள் அதன்பின் குப்பைக்கு வழிசெய்தனர். இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார் என்று அறிந்தோர் கூறுவர்.

சிரிப்பு நீடிக்கவில்லை. அண்டையிலிருந்த அணுசக்தி நிலையம் தன் தேவைக்கு அந்நிலத்தைக் கேட்டது. ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த குடியிருப்பு அது. ஜாக்கினும் கூட்டாளிகளும் நீதிமன்றம் ஏறினர், ஊர்வலம் நடத்தினர், தில்லிக்குப் போய் நாடாளுமன்ற வாயிலில் அமர்ந்து பிரதமர் இந்திரா காந்தியைக் கண்டு முறையிட்டனர். ஆண்டுக்கணக்கில் வெளியேற்றம் தள்ளிப்போயிற்று. 1974 அளவில் பல ஊர்க் குடிசைப் பகுதியினரையும் சேர்த்து தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு தோன்றியது. பின்னர் நெருக்கடிநிலை வந்தது. 1976 மே மாதத்தில் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா முகாம் என்னும் வேறிடத்திற்கு ஏற்றிச் செல்லப்பட்டனர்.

பத்தாண்டுப் போராட்டம் தோற்றதா? தோற்றது என்றே நான் சொல்வேன். வீடு போயிற்று, அதனை வேறு பெயரிட்டு அழைப்பது அங்கிருந்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் தோல்வியிலிருந்து ஜாக்கின் கற்றுக்கொண்டது வேறு வகையான வேலை. எதிர்த்து முழங்குவதோடு, எத்தனை வீடு, எத்தனை உயிர், எந்த ஆண்டு முதல் என்று குடியிருப்பவர்களே கணக்கெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பின்னாளில் அவருடைய வழியாயிற்று.

கணக்கின் அருமையை மெய்ப்பித்தது 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 1981 சூலையில், அடைமழைக் காலத்தில், நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கு ஏற்றியனுப்பிவிட மகாராட்டிர அரசு முடிவு செய்தது. அப்போது வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவர் சேலத்துக்காரர். அவர் கதையைத் தீர்ப்பே சொல்கிறது. நிலமற்ற கூலியாள். வறட்சியால் வேலையிழந்து 1961இல் பம்பாய் வந்தவர். இரசாயன ஆலையில் நாட்கூலி 23 ரூபாய். மேற்கு விரைவுச்சாலையின் நடைபாதையில் பிளாசுடிக்குத் தாளும் கித்தானும் மறைத்த ஒரு பொந்துக்காகத் தாதா ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுத்தார். மனைவியும் மூன்று பெண்மக்களும் உடனிருந்தனர். அந்தப் பொந்தை இடித்துக் குடும்பத்தோடு அவரைச் சேலத்திற்குப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, வேலை தேடி அவர் மட்டும் பம்பாய்க்குத் திரும்பி மீண்டும் ஒரு நடைபாதைக் குடிசையில் புகுந்தார்.

நடைபாதைக்கும் அவர் விலை கொடுத்தார் என்பதை நோக்குக. ஏழை இலவசமாகக் குடியிருக்கிறான் என்று சொல்வார் இத்தீர்ப்பை ஒருமுறை படித்தல் நன்று. ஆனால் அந்த 2,500 ரூபாய்க்கு ரசீது ஏது?

ஓல்கா டெல்லிசு என்னும் பத்திரிகையாளர் பெயரால் வழங்கும் அத்தீர்ப்பைத் தலைமை நீதியரசர் ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு 1985 சூலை 10இல் வழங்கியது. உயிர்வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று கூறிய பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகின்றனர். அதன் முடிவுப் பகுதியைக் காட்டுவார் குறைவு. முன்னறிவிப்புக் கொடுத்து நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றே நீதிமன்றம் முடித்தது. மழைக்காலம் கழியட்டும் என்று அக்டோபர் முடியும்வரை பொறுக்கச் சொன்னது. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவாகி அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றது. ஓர் அட்டை இருந்தால் ஓர் இடம். அட்டை இல்லையேல்?

அவ்வாண்டே சுபார்க் என்னும் தொண்டமைப்பு பம்பாயின் பைகுல்லாவை ஒட்டிய நடைபாதைகளில் கணக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 6,000 குடும்பங்கள், 27,000 பேர் எண்ணப்பட்டனர். அறிக்கையின் தலைப்பு, கண்ணுக்குப் புலப்படாத நாங்கள் என்னும் பொருள் தருவது. இடிக்க வந்தவர்கள் கண்ணுக்கு நன்றாகவே புலப்பட்டார்கள். எண்ண வந்தவர்கள் கண்ணுக்குத்தான் அதுவரை படவில்லை. அடுத்த ஆண்டு அந்நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்று கூடினர். ஜாக்கினின் கூட்டமைப்பும் உடன் சேர்ந்தது. பெண்கள் நாள்தோறும் ஓரிரு ரூபாய் சேமித்தனர். குடிசைகளுக்கு அவர்களே எண்ணிட்டு, குடும்பங்களைப் பதிந்து, எதிர்கால வீடு எவ்வளவு அகலம் எவ்வளவு உயரம் வேண்டும் என்று துணியையும் மரச்சட்டத்தையும் வைத்து அளந்து பார்த்தனர். எழுத்தறியாதவர்கள் பலர். ஆயினும் அரசு அலுவலரிடம் பேசும்போது தம் கணக்கைத் தாமே காட்டினர். இம்முறை ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பரவியது. 1996இல் உலகக் குடிசைவாழ் மக்கள் அமைப்பு உருவாயிற்று. ஜாக்கினுக்கு 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மசிறீயும் கிடைத்தன. 2018 அக்டோபரில் மறைந்தார். தமிழ்நாட்டு ஏடுகள் அவரைப் பற்றி எழுதியது போதாது என்பது என் எண்ணம்.

சென்னையில் 1970இல் குடிசை மாற்று வாரியமும் 1971இல் அதற்கான சட்டமும் வந்தன. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று. பின்னாளில் உயர்நீதிமன்ற நீதியரசரான கே. சந்துரு சென்னைக் குடிசைவாசிகளுக்காகத் தொடுத்த வழக்கும் 1985இல்தான் தீர்ப்பாயிற்று. பெண்ணுரிமை இயக்கம் போன்றவை குடிசைப் பெண்களைத் திரட்டி வீட்டுரிமை பேசின. இருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்குக் கொண்டுபோகப்பட்டனர். கண்ணகி என்று பெயரிட்டவருக்கு, அவள் ஊரைவிட்டு வந்து நீதி கேட்டவள் என்பது நினைவில் இருந்ததோ இல்லையோ! அங்கிருந்து வேலைக்குப் போய்வரும் பேருந்துக் கூலியே பலருக்குப் புதிய வாடகையாயிற்று.

வாடகைக்குடிகளுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது இல்லை. 2017ஆம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்து அதனை நீக்கிற்று. வாடகை இருவரும் ஒப்பிய அளவு. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை ஆணையத்தில் பதிதல் வேண்டும். முன்பணம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றத்திற்கு ஒரு காரணமாகலாம் என்றும் இருக்கிறது. எழுதித் தர மறுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். எழுதாமையின் கேடு பெரும்பாலும் குடிக்கு. 1921இல் எழுதப்படாத நம்பிக்கையைச் சட்டம் தாங்கிப் பிடித்தது; ஒரு நூற்றாண்டு கழித்து எழுதப்படாத எதனையும் தாங்க மறுக்கிறது.

இனி எங்கள் மலைச்சரிவு. 2024இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட திருவண்ணாமலை, அவ்வாண்டிலேயே பெரும் துயரைக் கண்டது. டிசம்பர் 1இல், ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டை மூடிற்று. எழுவர் மாண்டனர், ஐவர் குழந்தைகள். அதன்பின் சரிவிலுள்ள வீடுகளை அகற்ற வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. பாறை உருளும் இடத்தில் வீடு கூடாது என்பதில் இரண்டு கருத்து இல்லை. எனினும் அவ்வீடுகளை வெறும் ஆக்கிரமிப்பு என்று கூறி முடிப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. சரிவுக்கு யாரும் காற்று வாங்கப் போகவில்லை. கீழே தெருவில் இருந்த வீடு விடுதியானபொழுது, கீழே மனை அவர்கள் கைக்கு எட்டாதபொழுது, மேலே ஏறினார்கள். அகற்றுவதற்கு எண்ணும் அலுவலர், எங்கிருந்து ஏறினீர்கள் என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், இவ்வூரின் குடியிருப்பு வரலாறு தானே எழுதப்பட்டுவிடும்.

சரிவில் வாழும் ஒரு பெண்மணியை அண்மையில் கிரிவலப் பாதையில் கண்டேன். பூக்கட்டி விற்பவர். கூடையின் அடியில், பூவுக்கும் கீழே, பாலித்தீன் உறை ஒன்று இருந்தது. மின்கட்டணச் சீட்டு, குடும்ப அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று, எப்போதோ கட்டிய வீட்டுவரி ரசீது. "எப்பவும் கையோடவே வச்சிருக்கியாக்கா?" என்றேன். "ஊட்டுல வச்சிட்டு வந்தா, ஊடு இருக்குமோ என்னமோ, சார்" என்றார். பக்கத்துக் கடையில் இருந்தவரும் தம் உறையைக் காட்டினார். அவரவர் ரசீது எந்த ஆண்டிலிருந்து என்று கேட்டு, சட்டைப்பையில் இருந்த தாளில் குறித்துக்கொண்டேன். அன்றைக்கு ஒன்பது பேர் சேர்ந்தனர். மற்றவர்களை அடுத்த முழுநிலாவுக்குள் கேட்டுச் சொல்வதாக அந்தப் பெண்மணி சொல்லியிருக்கிறார்.